உழவை நிறுத்தினா களை கூடுமா குறையுமா? பெரம்பலூர் தம்பிக்கு கொஞ்சம் நீளமான பதில்

தம்பி, உங்க கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். பெரம்பலூர் பக்கம் 3 ஏக்கர் கரிசல், ஒரு கிணறு, அஞ்சு வருஷமா மக்காச்சோளத்துக்கு மேல மக்காச்சோளம், டிராக்டர் வாடகை ஏறிக்கிட்டே போகுது, களையெடுக்க ஆள் கிடைக்கல, அதனால உழவே ஓட்டாம விதைச்சா என்ன, கூடவே பயிர மாத்தி மாத்தி போட்டா களை குறையுமா கூடுமான்னு கேட்டிருக்கீங்க. கடைசி வரியில போற போக்குல ஒண்ணு எழுதியிருக்கீங்க பாருங்க, "சித்திரையில உழாட்டி நிலம் காடாயிரும்னு அப்பா சண்டை போடறார்"னு, உண்மையான கேள்வி அதுதான்னு எனக்குப் படுது. அப்பா சரியா, உழவே வேண்டாம்னு சொல்ற, நீங்க பாத்த வீடியோ சரியா. ரெண்டு பேரும் பாதி பாதி சரி, எந்தப் பாதிங்கிறது உங்க நிலத்துல என்ன களை கிடக்குதுங்கறத பொறுத்தது. அத நீங்க எழுதவே இல்ல, அதனால பதில் நீளமாப் போகுது, பொறுத்துக்கோங்க.

என்னப் பத்தி ஒரு வரி. உழவியல் படிச்சு அதுல களைய எடுத்து எம்.எஸ்சி பண்ணவன், அப்புறம் 26 வருஷம் ஊர் ஊரா வயல் வரப்புல நடக்கிற வேலை, இப்ப ஓய்வுக்கு அப்புறம் 4 ஏக்கர்ல சொந்த விவசாயம். படிச்சதவிட பட்டது ஜாஸ்தி, அதுல ஒரு பாட்ட கீழ சொல்றேன்.

முதல்ல "உழாம விவசாயம்"ங்கிற பேச்சையே கொஞ்சம் பிரிச்சுப் பாக்கணும். உலக அளவுல பாதுகாப்பு வேளாண்மைன்னு ஐ.நா.வோட உணவு வேளாண்மை அமைப்பு சொல்றது மூணு சமாச்சாரம் சேர்ந்தது: மண்ண முடிஞ்ச அளவு கிளறாம விடறது, மண்ணு மேல தட்டை தாள் ஏதாவது மூடி கிடக்கிறது, பயிர மாத்தி மாத்தி போடறது. விதைச்ச பிறகும் தரையில 30 சதமாவது மூடாக்கு இருக்கணும்னு ஒரு கணக்கு வச்சிருக்காங்க. நம்ம ஊர்ல நடக்கிறது என்னன்னா டிராக்டர் வாடகை மிச்சம்னு முதல் விஷயத்த மட்டும் எடுத்துக்கறோம், தட்டைய மாட்டுக்குப் போட்டுடறோம், பயிரு அதே மக்காச்சோளம். மூணு கால் ஸ்டூல்ல ஒரு கால வச்சு உக்கார்ற கதை. உழாம விட்டு களையில மாட்டினேன்னு எங்கிட்ட வந்தவங்கள்ல பாதிக்கு மேல இந்த ரகம்தான்.

சரி, உழவு களைய என்ன பண்ணுது? ஒரே நேரத்துல நாலு வேலை பண்ணுது, அதுல ரெண்டு நமக்கு நல்லது, ரெண்டு கெட்டது. முளைச்சு நிக்கிறத பிடுங்கிப் போடுது, மேல கிடக்கிற விதைய ஆழத்துல புதைக்குது, இது நல்லது. ஆனா முந்தின வருஷம் புதைச்ச விதைய திரும்ப மேல கொண்டாந்து போடுது, அதோட கிழங்கு கொடி இருக்கிற களைய வெட்டி வயலு பூரா விதைக்குது, இது கெட்டது. களை விதை ரொம்பப் பொறுமைசாலி. பண்ணைக்கீரை, குப்பைக்கீரை, சாரணை மாதிரி பொடி விதையெல்லாம் ஆழத்துல இருந்தா முளைக்காது, முளைச்சாலும் மேல வந்து சேர தெம்பு பத்தாது, அதனால தூங்கிக்கிட்டு கிடக்கும். உழும்போது அதுல பலதுக்கு ஒரு கண நேரம் வெளிச்சம் பட்டாலே போதும், எந்திரிச்சுக்கும். புழுதி ஓட்டின நிலத்துல முதல் மழைக்கு பச்சக்கம்பளம் விரிச்ச மாதிரி வருதே, அதுல கணிசமான பங்கு நம்ம கலப்பையே கூப்பிட்டு விட்டது.

உழவ நிறுத்தினா அந்த விதையெல்லாம் மேலயே தங்கிடும். அமெரிக்காவுல விஸ்கான்சின்ல வருஷக்கணக்கா ஒரே முறையில வச்சிருந்த நிலத்துல மண்ண அடுக்கடுக்கா எடுத்துப் பாத்தாங்க, உழாத நிலத்துல களை விதையில 60 சதத்துக்கு மேல மேலாக 1 சென்டிமீட்டருக்குள்ளயே கிடந்துச்சு, மண்ணப் புரட்டிப் போடற வளைபலகைக் கலப்பை ஓடின நிலத்துல 19 சென்டிமீட்டர் வரைக்கும் சமமா பரவிக் கிடந்துச்சு. மேல கிடக்கிறதுக்கு ரெண்டு பலன். ஒண்ணு, எல்லாம் முளைக்க வசதியான ஆழத்துல இருக்கிறதால முதல் ஒண்ணு ரெண்டு வருஷம் களை கண்டிப்பா கூடின மாதிரி தெரியும். ரெண்டு, எறும்பு தூக்கிட்டுப் போகும், வண்டு தின்னும், வெயில்லயும் ஈரத்துலயும் மாறி மாறி கிடந்து செத்துப் போகும். எறும்பு வரிசை கட்டி புல் விதைய இழுத்துட்டுப் போறத நீங்களே பாத்திருப்பீங்க, அதுக்கு கூலி கிடையாது. அதனால அந்த முதல் ரெண்டு வருஷம் முளைச்சத எல்லாம் விதை கட்ட விடாம அழிச்சுட்டா மூணாவது வருஷத்துல இருந்து மேல இருக்கிற இருப்பு தீர ஆரம்பிக்கும். இதுல எனக்கு சந்தேகமே இல்ல. எத்தனை வருஷத்துல எவ்வளவு தீரும்ங்கிறதுதான் நிலத்துக்கு நிலம் மாறும், அதுக்கு யாராவது உறுதியா நம்பர் சொன்னா நம்பாதீங்க. அதுலயும் உங்களது கரிசல், கோடையில விரல் உள்ள போற அளவுக்கு வெடிப்பு விடும், விதை அதுக்குள்ள விழுந்து கலப்பை இல்லாமலே ஆழத்துக்குப் போயிரும். செம்மண்ல ஒருத்தர் சொன்ன அனுபவம் உங்களுக்கு அப்படியே பொருந்தாததுக்கு இதுவும் ஒரு காரணம்.

இப்ப நான் பட்ட கதை. ஓய்வு வாங்கின மறுவருஷம் என் நிலத்துல ஒன்றரை ஏக்கர உழாம விடறதுன்னு முடிவு பண்ணேன், படிச்ச திமிரு. அதுக்கு முந்தின நாலு வருஷம் குத்தகைக்கு எடுத்தவர் ரோட்டாவேட்டர் போட்டு மாவு மாதிரி ஆக்கி வச்சிருந்தாரு, பாக்க அழகா இருந்துச்சு. நான் தட்டைய பரப்பி தட்டப்பயறு ஊனினேன். முதல் மழைக்கு தட்டைய துளைச்சுக்கிட்டு ஊசி ஊசியா கோரை வந்துச்சு, தட்டை அதுக்கு ஒரு பொருட்டே இல்ல. இருபதாம் நாள் பயறுக்கு மேல கோரை. ஒரு அடிக்கு ஒரு அடி அளந்து மம்பட்டி ஆழத்துக்கு வெட்டி மண்ண சாக்குல கொட்டி வாய்க்கால்ல அலசினேன், 63 கிழங்கு இருந்துச்சு. ஒரு சதுர அடியில. கைல எடுத்துப் பாத்தா ஒண்ணுக்கொண்ணு கருப்பு நூல் மாதிரி கோத்து சங்கிலியா இருக்கணும், இதுல முக்கால்வாசி தனித்தனியா உதிரியா இருந்துச்சு. அங்கதான் விஷயம். சங்கிலியா இருக்கிற வரைக்கும் நுனிக் கிழங்குதான் முளைக்கும், பின்னாடி இருக்கிறது சும்மா கிடக்கும், ரோட்டாவேட்டர் கத்தி அந்த சங்கிலிய வெட்டி வெட்டி ஒவ்வொண்ணையும் தனித்தனி செடியா ஆக்கி விட்டுருச்சு. அருகம்புல்லுக்கும் இதே கதிதான், கணுவுக்கு கணு வெட்டி நட்டு விடற மாதிரி. ஆக என் வயல்ல கோரைய வளத்தது உழவு, அத அறுவடை பண்ணது உழாம விட்ட நான்.

கோரைய 1977லயே உலகத்துலயே மோசமான களைன்னு புத்தகத்துல எழுதி வச்சுட்டாங்க, ஏன்னு அன்னைக்குத்தான் உறைச்சுது. அதுக்கு பயம் ரெண்டே ரெண்டு: வெயில்ல காயறது, நிழல். அதனாலதான் உங்க அப்பா சொல்ற சித்திரை உழவ நான் பழசுன்னு தள்ள மாட்டேன், "சித்திரை மாதத்துப் புழுதி பத்தரை மாத்துத் தங்கம்"னு சும்மா சொல்லல. நிலம் நல்லா காஞ்சு கிடக்கும்போது சட்டிக் கலப்பையோ வளைபலகையோ போட்டு கட்டி கட்டியா புரட்டி விட்டா கிழங்கு மேல வந்து வெயில்ல பத்து பதினஞ்சு நாள்ல காஞ்சு செத்துரும். ஈரத்துல உழுதா நேர் எதிரு, வெட்டின ஒவ்வொரு துண்டும் பிழைச்சுக்கும். நடுவுல ஒரு கோடை மழை அடிச்சுட்டா பாதி வேலை வீணுதான், பதம் திரும்பக் காஞ்சதும் கொக்கிக் கலப்பைய ஒரு தடவ இழுத்து கிழங்க மேல கொண்டாரணும். நான் அடுத்த ரெண்டு சித்திரையும் அப்படித்தான் பண்ணேன், இப்ப அதே மூலையில வெட்டினா நாலோ அஞ்சோ கிழங்கு. ஆக கோரையும் அருகும் இருக்கிற நிலத்துல முதல்ல உழுது காயப்போட்டு அடக்கிட்டு அப்புறம்தான் உழவ நிறுத்தணும், இது முன்ன பின்ன மாறக்கூடாத வரிசை.

"அப்ப உழாம விட்டு களை குறைஞ்ச இடமே இல்லையா"ன்னா இருக்கு, பெரிய அளவுலயே இருக்கு. ஹரியானா பஞ்சாப்ல நெல்லு, கோதுமை, திரும்ப நெல்லு, திரும்ப கோதுமைன்னு பசுமைப் புரட்சிக்கு அப்புறம் இதையே போட்டாங்க. கோதுமையில பலாரிஸ் மைனர்னு ஒரு புல்லு, அங்க குல்லி தண்டாம்பாங்க, சின்னதுல பாத்தா கோதுமைக்கும் அதுக்கும் வித்தியாசமே தெரியாது. ஐசோபுரோட்டுரான்னு ஒரே களைமருந்த வருஷா வருஷம் அடிச்சாங்க, 1990கள் ஆரம்பத்துல மருந்து கேக்காம போச்சு. சில பேரு கோதுமைய பச்சையாவே அறுத்து மாட்டுக்குப் போட்டாங்க, அந்த அளவுக்கு. அப்ப எடுத்த கணக்குல ஒரு விஷயம் பொட்டுல அடிச்ச மாதிரி தெரிஞ்சுது: நெல்லு-கோதுமை மட்டுமே போட்டவங்க வயல்ல 67 சதத்துல மருந்து கேக்காத புல்லு, நடுவுல கரும்பு காய்கறின்னு மாத்திப் போட்டவங்ககிட்ட அது ரொம்பக் கம்மி. கரும்பு நிக்கிற வருஷம் அந்தப் புல்லுக்கு குளிர்காலத்துல காலி நிலமும் கிடைக்காது, அந்த மருந்தும் அங்க விழாது, ரெண்டு சங்கிலியும் அறுந்துருது.

அதே காலத்துல ஹரியானாவுல ஹிசார்ல இருக்கிற பல்கலைக்கழகக்காரங்க நெல் அறுத்த தாளுலயே உழாம கோதுமைய விதைக்கிற மெஷின கொண்டாந்து வயல்ல ஓட்டிக் காட்டினாங்க. பைத்தியக்காரத்தனம்னு சிரிச்சவங்கதான் ஜாஸ்தி. ஆனா கோதுமை வரிசைக்கு நடுவுல மண்ணக் கிளறலைங்கறதால அந்தப் புல்லு முளைக்கிறது கணிசமா குறைஞ்சுது, உழவுக்கு ஆகிற நாள் மிச்சமாகி முன்கூட்டியே விதைச்சதால கோதுமை முந்திக்கிச்சு. இங்க நிறுத்திட்டா அது யூடியூப் வீடியோ. பாக்கிக் கதை என்னன்னா உழாம விட்ட அந்த வயல்கள்ல ருமெக்ஸ்னு ஒரு அகல இலைக் களை, அங்க காட்டுப் பாலக்குன்னு சொல்றது, அது கூடிப் போச்சு. அதோட விதை லேசு, நெல் வயல்ல தண்ணியில மிதந்து கடைசியில மண்ணு மேலயே படிஞ்சு கிடக்கும், உழுதா புதைஞ்சு போகும், உழாட்டி அப்படியே முளைக்க ரெடி. ஒரே வயலு, ஒரே மெஷினு, ஒரு களை குறைஞ்சுது ஒரு களை கூடுச்சு. நான் "எந்தக் களைன்னு சொல்லுங்க"ன்னு நச்சரிக்கிறதுக்கு காரணம் இதான்.

நம்ம தஞ்சாவூர் நாகப்பட்டினம் பக்கமும் உழாத விவசாயம் பழசுதான், யாரும் அதுக்கு பேரு வைக்கல அவ்வளவுதான். சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாளைக்கு முன்னாடி மண்ணு மெழுகு பதத்துல இருக்கும்போது நிக்கிற நெல்லுக்குள்ளயே உளுந்து வீசி விடறாங்க, ஆடுதுறை 3 மாதிரி ரகம், நெல்லு அறுத்து எடுத்த பிறகு அந்த மிச்ச ஈரத்துலயும் பனியிலயும் விளையுது. செலவு குறைச்சல், மண்ணுக்கும் நல்லது. ஆனா அதுல ஒரு வருத்தம், வரிசை இல்லாததால களைவெட்டி ஓட்ட முடியாது, குதிரைவால் புல்லும், அறுத்த நெல்லு திரும்பத் துளிர்க்கிற மறுதாம்பும் ஏறிடுச்சுன்னா கைய கட்டிக்கிட்டுப் பாக்கணும் இல்ல புல்லுக்கான மருந்து அடிக்கணும். ஆந்திராவுல குண்டூர் கிருஷ்ணா பக்கம் இதே முறையில வருஷா வருஷம் உளுந்தே போட்டு, கஸ்குட்டாங்கிற மஞ்சக்கொடி ஒட்டுண்ணி வயலப் போத்திருச்சு, கூட மஞ்சள் தேமல் நோயும் சேர்ந்துக்கிச்சு. நிறைய பேரு அதே நெல் தாளுல உழாமலே மக்காச்சோளத்துக்கு மாறினாங்க. கஸ்குட்டா புல்லு வகைப் பயிரப் பிடிச்சு வளர முடியாது, அதனால பயிர மாத்தினதே மருந்தாச்சு. உழவுல ஒரு மாத்தமும் பண்ணல, கவனிங்க.

இதுல இருந்து பயிர் சுழற்சிக்கு வரேன். நிறைய பேரு பயிர் பேர மாத்தினா சுழற்சின்னு நினைக்கிறாங்க. மக்காச்சோளத்துக்கு அப்புறம் சோளம் போட்டா களைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, ரெண்டும் ஒரே பட்டம், ஒரே உயரம், ஒரே மருந்து. களை கண்ணுக்கு மாத்தம்னா விதைக்கிற மாசம் மாறணும், பயிரு தரைய மூடற விதம் மாறணும், களையெடுக்கிற கருவியோ மருந்தோ மாறணும். ஆடிப்பட்டத்துல முளைக்கப் பழகின களைக்கு மாசிப்பட்டத்துப் பயிரு குழப்பம், அது எந்திரிக்கிற நேரத்துல உங்க கைல களைக்கொத்து இருக்கும். சோளத்துல வர்ற சுடுமல்லி இதுக்கு சரியான உதாரணம். அது வேருல ஒட்டி உறிஞ்சற களை, மண்ணுக்கு மேல பூ தெரியும்போது பயிருக்கு சேதம் முடிஞ்சிருக்கும், ஒரு செடி ஆயிரக்கணக்குல தூசி மாதிரி விதை விட்டுட்டுப் போகும், அது பத்து வருஷத்துக்கு மேலயும் கிடக்கும். உழுது ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா பருத்தி, நிலக்கடலை, தட்டப்பயறு மாதிரி பயிரு போட்டா அதோட வேர் கசியற வாசனைய நம்பி விதை முளைச்சுரும், ஒட்டிக்க இடம் இல்லாம பட்டினியில செத்துரும். ஏமாத்திக் கொல்றது. எனக்கு ரொம்பப் பிடிச்ச வைத்தியம் இது.

மொத்தமா என்ன சொல்றாங்கன்னா, 2019ல பல நாட்டு ஆய்வுகள ஒண்ணா சேத்து கணக்குப் போட்டதுல பயிர் வகைய கூட்டினா களை எண்ணிக்கை சராசரியா 49 சதம் குறையுதுன்னு வந்துச்சு. உங்களுக்கு முக்கியமான வரி அதுக்குள்ள இருக்கு: உழற நிலத்துல 41 சதம் குறைஞ்சுது, உழாத நிலத்துல 65 சதம். அதாவது உழவ நிறுத்தறவனுக்குத்தான் பயிர் மாத்தறது அதிகமா கை கொடுக்குது, நிறுத்தாதவனுக்கு அது போனஸ். ஆனா அதே ஆய்வுல களையோட மொத்த எடை குறைஞ்சதா உறுதியா சொல்ல முடியல. எண்ணிக்கை பாதியானாலும் மிச்சம் இருக்கிறது நல்லா தின்னு கொழுத்து நின்னா நமக்கு என்ன லாபம்? அதனால 49ங்கிற நம்பர மட்டும் பிடிச்சுக்கிட்டு தொங்காதீங்க, அதுவும் அந்த ஆய்வுகள்ல நிறைய குளிர் நாட்டு நிலம்.

சோளத்தட்டை மூடாக்கு போட்டா அதுல இருந்து வர்ற ரசாயனம் களைய அமுக்கும்னு வீடியோவுல சொல்லியிருப்பாங்களே, அது முழுப் பொய் இல்ல, சோள வேருல அப்படி ஒரு பொருள் கசியறது உண்மைதான். ஆனா வயல்ல களை குறைஞ்சா அதுக்கு காரணம் ரசாயனமா நிழலா மூடாக்கோட கனமான்னு பிரிச்சுக் காட்டறது கஷ்டம், நான் அத நம்பி ஒரு களையெடுப்ப மிச்சம் பிடிக்க மாட்டேன். மூடாக்குல நிச்சயமான பலன் வெளிச்சத்த மறைக்கிறதுதான், அதுக்கு ஏக்கருக்கு ரெண்டு டன்னுக்கு குறையாம காஞ்ச தட்டை வேணும், அங்கங்க சிந்தின மாதிரி போட்டா ஈரம் காத்து களைக்கு சேவை பண்ணும். மாடு இருக்கிற வீட்டுல இவ்வளவு தட்டைய நிலத்துல விடுங்கன்னு சொன்னா வீட்டம்மா என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியும். அதனால பாதி தட்டைய மாட்டுக்கு, பாதிக்கு பதிலா உயிர் மூடாக்குன்னு மக்காச்சோள வரிசைக்கு நடுவுல தட்டப்பயறோ, கார்த்திகைக்கு மேல காலியா கிடக்கிற நிலத்துல கொள்ளோ. கொள்ளு பரவினா கீழ எட்டிப் பாருங்க, ஒண்ணும் எந்திரிச்சிருக்காது.

களைமருந்து பத்தி யாரும் வெளிப்படையா பேசறது இல்ல. வெளிநாட்டுல ஆயிரக்கணக்கான ஏக்கர் உழாம ஓடுதுன்னா அதுக்குப் பின்னாடி கிளைபோசேட் நிக்குது, கலப்பை பண்ண வேலைய மருந்து பண்ணுது. அதுக்கும் விலை கொடுத்தாங்க, 2000ல அமெரிக்காவுல டெலாவேர்ல உழாத சோயா வயல்ல கொனைசாங்கிற களைச்செடி அந்த மருந்துக்கு அசையாம நின்னுச்சு, காத்துல பறக்கிற விதை, கொஞ்ச வருஷத்துல நாடு பூரா. நம்ம ஊர்ல 2022 அக்டோபர்ல இருந்து கிளைபோசேட்ட பூச்சி கட்டுப்பாட்டு லைசென்ஸ் வச்சிருக்கிறவங்க வழியாத்தான் பயன்படுத்தணும்னு மத்திய அரசு உத்தரவு போட்டுச்சு, அதுக்கு முன்னாடியும் அதுக்கு அனுமதி தேயிலைக்கும் பயிர் இல்லாத இடத்துக்கும்தான். கடையில கேட்டா வேற கதை சொல்வாங்க, அது உங்களுக்கே தெரியும். இன்னொண்ணு, மக்காச்சோளத்துக்கு விதைச்ச கையோட அடிக்கிற அட்ரசின்ங்கிற களைமருந்த, தட்டப்பயறு உளுந்து ஊடுபயிரா இருந்தா அடிக்கவே கூடாது, பயறு கருகிரும். அஞ்சு வருஷமா அதையே அடிச்சுக்கிட்டிருக்கீங்கன்னா அதுக்கு மசியாத களைய நீங்களே பொறுக்கி எடுத்து வளத்துக்கிட்டு இருக்கீங்கன்னு அர்த்தம்.

உங்க இடத்துல நான் இருந்தா 3 ஏக்கரையும் ஒரே வருஷத்துல மாத்த மாட்டேன். அப்பாவுக்கு ரெண்டரை ஏக்கர், எனக்கு அரை ஏக்கர்னு பங்கு கேட்பேன், அந்த அரை ஏக்கரும் கோரை இல்லாத பக்கமா பாத்து. கோரை திட்டு திட்டா இருந்தா அந்தத் திட்டுல மட்டும் இந்தச் சித்திரையில காஞ்ச உழவு, ரோட்டாவேட்டர் வேண்டவே வேண்டாம். ஆடியில மழை விழுந்ததும் அவசரப்பட்டு விதைக்காம ரெண்டு வாரம் களைய முளைக்க விட்டு, மண்ணப் புரட்டாம மேலாக்க களைக்கொத்துல சீவி விட்டுட்டு அப்புறம் விதை ஊனுவேன், கிணறு இருக்கிறதால உங்களுக்கு இந்த ரெண்டு வாரம் பொறுக்க முடியும், மானாவாரிக்காரனுக்கு இந்த வசதி இல்ல. முதல் வருஷம் மக்காச்சோளத்தோட தட்டப்பயறு. அடுத்த வருஷம் மக்காச்சோளம் கிடையாது, பருத்தியோ சின்ன வெங்காயமோ. வெங்காயம்னதும் சிரிப்பீங்க, நிழலே தராத பயிராச்சே, களை கும்மாளம் போடுமேன்னு. போடும்தான். ஆனா வெங்காயத்துக்கு கைக்களை ரெண்டு மூணு தடவ எடுக்காம யாரும் விடறது இல்ல, அதுக்கு காசும் திரும்பி வருது, அதனால ஒரு களைய கூட விதை கட்ட விடாத வருஷமா அது முடியுது. மக்காச்சோளத்துல முட்டி உசரம் வந்ததும் உள்ள நுழையாம விட்டுடறோமே, அங்கதான் விதை கொட்டுது. மூணாவது வருஷம் உளுந்தோ எள்ளோ மாசிப்பட்டத்துல வர்ற மாதிரி ஒண்ணு, அது முடிஞ்சு கொள்ளு. வரப்போரத்த மறந்துடாதீங்க, நடுவயல சுத்தமா வச்சுக்கிட்டு வரப்புல பார்த்தீனியத்தையும் தாத்தாப்பூவையும் பூக்க விட்டா உழாத நிலத்துலதான் அது முதல்ல வந்து உக்காரும், பறந்து வர்ற விதைக்கு கிளறாத மண்ணு மெத்தை.

காசுக் கணக்கும் கேட்டிருந்தீங்க. உழவுக் கூலி மிச்சமாகிறது நிச்சயம், முதல் ரெண்டு வருஷம் அதுல பெரும்பகுதி களையெடுப்புக்குப் போகும்ங்கிறதும் ஏறக்குறைய நிச்சயம். மூணாவது வருஷம் மிச்சம் நிக்குமாங்கிறது அந்த ரெண்டு வருஷத்துல எத்தனை களைய விதை கட்ட விட்டீங்கங்கிறதுல இருக்கு, அதுக்கு ஆள் கிடைக்காதுன்னு இப்பவே தெரிஞ்சா பெரிய அளவுல இறங்காதீங்க.

இப்பத்திக்கு ஒரு வேலை பண்ணுங்க. அப்பாவையும் கூட்டிக்கிட்டு வயல்ல மூணு இடத்துல, மேட்டுல ஒண்ணு, மடையோரம் ஒண்ணு, நடுவுல ஒண்ணு, ஒரு அடிக்கு ஒரு அடி வெட்டி அலசிப் பாருங்க. எத்தனை கிழங்குன்னு எண்ணி இங்கயே எழுதுங்க, கூடவே முளைச்சு இருபது நாள் ஆன களைய கிட்ட வச்சு நாலு போட்டோ. பத்துக்கு கீழ வந்தா அந்த அரை ஏக்கர இந்த ஆடியிலயே ஆரம்பிச்சுடலாம், நாப்பது அம்பதுன்னு வந்தா இந்த சித்திரைக்கு அப்பா சொல்றத கேளுங்க.